டிரைவர் ஆபேலின் மீன்தொட்டி

காரைவிட்டு இறங்கும்போதே செல்லபாய்க்கு வாய் தயாராக இருந்தது. கோட்டாறிலிருந்து நெய்யூர் வரைக்கும் வழிநெடுக அதைத்தான் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டியை இன்றைக்கு நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

"அனீஷ், வண்டிய நிழல்ல போடு. பின் சீட்டுல தலையணைய எடுத்து வை. அப்பாவ மக வீட்டுக்கு ஏத்திக்கிட்டுத்தான் நாம திரும்பப் போறோம், கேட்டியா?" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டைத் தள்ளினாள்.

விஷயம் இதுதான். காலையில் தம்பி ஜேசுதாஸ் போன் பண்ணி, "அப்பா ரெண்டு நாளா ஒண்ணும் இறக்க மாட்டேங்காரு அக்கா. நாளைக்கும் இப்படின்னா மூக்குல டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுதால் செல்லபாய்க்குத் தாங்காது. உடனே யார்மேலாவது கோபம் வந்தாக வேண்டும். அவன் பெண்டாட்டி பிரிஜாமேல் வந்தது.

அப்பா என்றால் சும்மா அப்பாவா? டிரைவர் ஆபேல்! நாகர்கோவில் - குலசேகரம் அரசு பஸ்ஸை அத்தனை வளைவிலும் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போன மனுஷன். யாராவது ஸ்டாப்பில் நிற்காமல் ரோட்டு நடுவில் நின்று கை காட்டினால், வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து திட்டிவிட்டுத்தான் ஏற்றுவார். அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். போன கிறிஸ்துமஸ் கழிந்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலதுபக்கம் மொத்தமும் போயிற்று, கூடவே அந்த வாயும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மிஞ்சியது இடது கையும் இரண்டு கண்ணும்தான்.

அந்தக் கண்ணுக்காகத்தான் மீன்தொட்டி வந்தது. பிரிஜாவின் யோசனை. கட்டிலுக்கு நேர் எதிரே, தலையைத் திருப்பாமலே தெரிகிற உயரத்தில் வைத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கோல்டு பிஷ்கள். அதில் பெரியது ஒன்று மூலையில் போய்த் திரும்பும்போதெல்லாம், அப்பாவின் இடது கை போர்வைமேல் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல லேசாகத் திரும்பும். அந்த நேரத்தில் வாயும் தன்பாட்டில் திறக்கும். பிரிஜா அதற்காகவே கஞ்சிக் கிண்ணத்தோடு காத்துக்கொண்டு நிற்பாள். மீன் ஒரு சுற்று, கஞ்சி ஒரு கரண்டி. நாலு மாதம் டிரைவர் ஆபேல் அப்படித்தான் தின்று உயிரோடு கிடந்தார். இதெல்லாம் செல்லபாய்க்குத் தம்பி சொல்லித் தெரியும். மீனைக் காட்டிச் சோறு ஊட்ட அப்பா என்ன கைக்குழந்தையா என்று அன்றைக்கே கோட்டாறில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தவள்தான்.

இப்போது உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியில் இருந்தது தண்ணீரா? ஸ்கூல் பிள்ளை பேனா கழுவி ஊற்றினதுபோல நீலமும் கறுப்பும் கலந்து கிடந்தது. மீன் ஒன்றும் தெரியவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை வேட்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. சன்னல் படியில் ஊறுகாய்ப் பாட்டில்களில் வெள்ளம் நிரப்பி வரிசையாக வைத்திருந்தது; இந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வது. ஒவ்வொன்றின்மேலும் பிளாஸ்திரி ஒட்டி என்னமோ எழுதியிருந்தது. பிரிஜாவைக் காணோம்.

அவள் வீட்டுக்குப் பின்னால், ஒரு நீல டிரம்முக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நின்றாள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். தலைமுடி கலைந்து ஒரு கோலத்தில் இருந்தாள்.

"ஏட்டி! வயசான மனுஷன் அங்க பட்டினி கிடக்காரு. நீ இஞ்ச டிரம்மக் கழுவிட்டு நிக்கியா?"

"மைனி, வாங்கோ. எப்ப வந்தியோ? சாயா போடட்டா?"

"எனக்கு ஒனக்க சாயாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தத் தொட்டியப் பாத்தியா? சாக்கடை தோத்துப் போவும். அப்பாவுக்க வேட்டியப் பாத்தியா? சோப்பு போட்டா துவைக்க, இல்ல கரி போட்டா? சன்னல்ல என்னட்டி அது பாட்டிலு, மந்திரவாதி வீடு மாதிரி? நீ பழைய லேபு சோலிய விட்டும் அந்த நெனப்ப விடல்ல போல."

பிரிஜா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். மாமனார் விழுந்த அன்றைக்கு விட்டாள். 'அடுத்தவனுக்க ரத்தத்தையும் மூத்திரத்தையும் குப்பியில அடைக்கிற சோலி' என்று செல்லபாய் பலதடவை பல இடத்தில் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் சொன்னாள். பிரிஜா முகம் மாறவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "இருங்கோ மைனி, வெயில்ல வந்திருக்கியோ" என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? செல்லபாய் விறுவிறுவென்று உள்ளே போய், கஞ்சியைத் தானே மசித்து, உப்புப் பார்த்து, அப்பாவின் வாயருகில் கொண்டுபோனாள்.

"அப்பா, நான் செல்லம் வந்திருக்கேன். கோட்டாத்துலேருந்து ஓடி வந்திருக்கேன். ஒரு வாய் வாங்கிக்கிடுங்கோ."

அப்பா கண்ணைத் திறந்தார். பார்த்தார். உதடு பூட்டுப் போட்டதுபோல இருந்தது. மறுபடி நீட்டினபோது இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயசுக்காரி செல்லபாய் கையில் கரண்டியோடு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "போரும். எனக்க அப்பாவ நான் கொண்டு போறேன். அவருக்க உடுப்பெல்லாம் எடுத்து வையி."

பிரிஜா வாசற்படியில் நின்றாள். "மைனி, சாயங்காலம் வரைக்கும் பொறுங்கோ. தொட்டி தெளிஞ்சா மாமா சாப்பிடுவாவ. தெளிஞ்ச பிறகும் சாப்பிடல்லைன்னா நானே பெட்டி கட்டித் தாறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை, வீம்பும் இல்லை. ரத்தம் எடுக்கும்போது 'கொஞ்சம் பொறுங்கோ, இப்ப முடிஞ்சிரும்' என்று சொல்வார்களே, அந்தக் குரல். செல்லபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "சாயங்காலம்னா சாயங்காலம்தான்" என்று நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் பாட்டில்கள்மேலேயே போயிற்று. எவ்வளவு நேரம்தான் கேட்காமல் இருப்பது?

"இது என்னட்டி? சொல்லித் தொலை."

பிரிஜா டிரம்மிலிருந்த காற்றுக் குழாயைச் சரிபண்ணிவிட்டு வந்து சொன்னாள். தொட்டி முதலில் கறுத்தபோது எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முழுக்க இறைத்துவிட்டுக் கிணற்று வெள்ளத்தைப் புதிசாக நிரப்பினாள். கண்ணாடிபோல இருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் மறுபடி கறுப்பு. மீன் விற்றவனைக் கேட்டால், உள்ளே கிடக்கிற வேர்க்கட்டைதான் சாயம் விடுகிறது என்றான். அதை எடுத்து எறிந்தாள். கறுத்தது. கல்லைக் கழுவச் சொன்னான். கொதிக்கவைத்தே கழுவினாள். கறுத்தது. தீனி கூடிவிட்டது, மருந்து ஊற்று என்றான். அத்தோடு அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"பின்ன?"

"பின்ன ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன் மைனி. ரெண்டு காரியத்த ஒண்ணா மாத்தினா எதுனால ஆச்சுன்னு தெரியாது. இது நம்ம கிணத்து வெள்ளம், கழுத்து வரைக்கும் நிரப்பி மூடி போட்டது. பாருங்கோ, தெளிவா இருக்கு. இதும் அதே வெள்ளம்தான், ஒரே வாளியில கோரினது. ஆனா இதுக்குள்ள காத்துக் குழாய விட்டேன்."

இரண்டாவது பாட்டில் கறுத்துக் கிடந்தது. செல்லபாய் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"அப்போ தொட்டிக்க மேல குத்தம் இல்லையா?"

"தொட்டி, மீனு, கல்லு, தீனி, ஒண்ணுக்கும் குத்தம் இல்ல. வெள்ளத்துலதான் என்னமோ இருக்கு. கோரும்போது தெரியாது. காத்துப் பட்டா தெரியும். மாமா வேட்டியும் அப்படித்தான் மைனி. துவைக்கையில வெள்ளையாத்தான் இருக்கு. கொடியில காயக் காயத்தான் சாம்பலாவுது."

செல்லபாய் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சநேரத்துக்கு முன் கரி போட்டுத் துவைத்தாயா என்று கேட்ட வாய் அது.

மூன்றாவது பாட்டில் பஞ்சாயத்துப் பைப்பு வெள்ளம். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். காற்று விட்டும் தெளிவாகவே நின்றது. ஆனால் அதில் பிளீச்சிங் பவுடர் உண்டு. தொட்டி வாங்கின புதிதில் அதை ஊற்றி ஒரு மீன் செத்துப்போயிற்று. நாலாவது எதிர்வீட்டுப் பகவதியப்பன் அண்ணனின் கிணற்று வெள்ளம். அது கறுக்கவில்லை. மஞ்சளாகித் துரு மட்டும் அடியில் படிந்திருந்தது.

"அது இரும்பு மைனி. இந்த ஏரியா மண்ணே செம்மண்ணுதான, எல்லாக் கிணத்துலயும் கொஞ்சம் உண்டு. நம்ம கிணத்துலயும் முந்தியே உண்டு, அதுனால ஒரு கேடும் வந்ததில்ல. இப்ப அந்த இரும்போட இன்னும் ஒண்ணு சேந்திருக்கு."

அடடா, இவள் இப்படியெல்லாம் பேசுவாளா? குடும்பத்து விசேஷங்களில் மூலையில் நின்று பாத்திரம் கழுவுகிற பிரிஜாவைத்தான் செல்லபாய் பார்த்திருக்கிறாள். அங்கேயும் கழுவின பாத்திரத்தை அளவு அளவாக அடுக்கித்தான் வைப்பாள். அதை அன்றைக்குக் கவனிக்கத் தோன்றவில்லை.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத செல்லபாய் எழுந்து அடுக்களைக்குப் போனாள். காலையில் வடித்த சோறு யாரும் தொடாமல் மூடிக் கிடந்தது. கறி ஒன்றும் இல்லை. கூடையில் வாழைக்காய் கிடந்தது. அரிவாள்மணையைப் போட்டு அரிய ஆரம்பித்தாள். பாதி அரிந்ததும் நின்றாள். அரிவாளைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மணையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

"ஏட்டி பிரிஜா! வாழைக்காய் அரிஞ்சா அரிவாளு கறுக்குதே, அதுமாதிரியா?"

பிரிஜா சட்டென்று திரும்பினாள். அன்றைக்கு முதல்தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அதேதான் மைனி! அரிவாளு இரும்பு. காய் துவர்ப்பு. ரெண்டும் சேந்தா கறுப்பு. நான் லேபுல படிச்சத நீங்க அடுக்களையிலேருந்து கொண்டு வந்துட்டியோ."

செல்லபாய்க்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெருமையில் அடுத்த கேள்வியும் தானாக வந்தது. "அப்போ கிணத்துக்குள்ள துவர்ப்பு எங்கேருந்துட்டி வந்து?"

பிரிஜா டிரம்முக்குள் பார்த்துக்கொண்டு, "பாக்கணும் மைனி. எலை கிலை ஏதாவது விழுந்திருக்கும்" என்றாள். முதல்தடவையாக அவள் பேச்சில் ஒரு தடுமாற்றம் வந்தது.

செல்லபாய் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மேலே வலை போட்டிருந்தது. ஒரு இலை விழ வழியில்லை. உள்ளே வெள்ளம் பளிங்குபோலக் கிடந்தது. இருக்காதா பின்னே? அதில் கிடப்பது அவள் அனுப்பின நெல்லிக்கட்டை அல்லவா!

அது ஒரு கதை. அம்மாவின் அடக்கத்தன்று அக்காவும் தம்பியும் வாய்வார்த்தை முற்றி நாலைந்து வருஷம் முகம் பார்க்கவில்லை. அப்பா விழுந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தரையொருத்தர் பார்த்தபோது இரண்டுபேருக்கும் அழுகைதான் வந்தது. மார்ச் கடைசியில் கிணறு இறைத்துத் தூர் எடுக்கப்போகிறேன் என்று தம்பி போனில் சொன்னான். கிணற்றுக்கடியில் நெல்லிக்கட்டை போட்டால் வெள்ளம் தெளியும், இனிக்கும் என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? செல்லபாய் அன்றைக்கே வீட்டுக்காரரை விரட்டி, பூதப்பாண்டித் தோட்டத்தில் நின்ற நெல்லியை வெட்டவைத்து, பச்சை மணம் மாறாமல் டெம்போவில் ஏற்றி அனுப்பினாள். "தோல்கூட உரியல்ல கேட்டியாலே, அவ்வளவு புதுசு" என்று போனிலும் சொன்னாள்.

அந்தப் பெருமையோடு திரும்பி வந்தவளிடம் பிரிஜா, "மைனி, உக்கிராண அறையில வெள்ளைத் துணி ஒண்ணு கிடக்கும். வெள்ளம் வடிகட்டணும். எடுத்துத் தாறியளா?" என்று கேட்டாள். கேட்ட மறுநிமிஷமே, "வேண்டாம், நானே எடுத்துக்கிடுதேன்" என்றாள். அதற்குள் செல்லபாய் உள்ளே போய்விட்டாள்.

துணி அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. இழுத்தால் கூடவே பேப்பரில் சுற்றின ஒரு பாட்டில் உருண்டு வந்தது. பிளாஸ்திரியில் 'பகவதியப்பன் வெள்ளம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் உள்ளே இருந்தது மை. நல்ல கட்டிக் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரு மரப்பட்டைத் துண்டு மிதந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியாத மணமா? பூதப்பாண்டித் தோட்டத்தில் நின்ற நெல்லி. இவள் அனுப்பின நெல்லி.

செல்லபாய் அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நெல்லியைப் போலத் துவர்க்கிற மரம் வேறு எது? வாழைக்காய்வரை வந்த புத்தி நெல்லிவரைக்கும் வராமல் போயிற்றே! அப்பாவின் கண்ணிலிருந்து மீனை மறைத்தது இவள் அனுப்பின கட்டை. அப்பாவின் வாயை மூடவைத்ததும் அதுதான். வந்ததிலிருந்து இந்தப் பெண்ணை என்னென்ன சொன்னாள்! சாக்கடை, மந்திரவாதி வீடு, கரி போட்டுத் துவைக்கிறவள். அத்தனையையும் அவள் இந்தப் பாட்டிலை இங்கே ஒளித்துவைத்துவிட்டல்லவா கேட்டுக்கொண்டு நின்றாள்!

பாட்டிலோடு வெளியே வந்தாள். பிரிஜா பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு செய்தவள்போல நின்றது அவள்தான்.

"எப்பட்டி தெரியும் ஒனக்கு?"

"முந்தாநாளு மைனி."

"பின்ன நான் அந்த ஏச்சு ஏசினப்ப ஏன் வாயத் திறக்கல்ல? 'ஒனக்க கட்டைதான் காரணம்'னு மூஞ்சிக்கு நேர சொல்லியிருக்கலாமே!"

"எப்படி மைனி சொல்ல? இத்தன வருசம் கழிச்சு நீங்க இந்த வீட்டுக்கு அனுப்பின மொத சாமானம் அது." பிரிஜாவுக்குக் குரல் இறங்கிற்று. "இறைப்புக்காரன் அன்னைக்கே சொன்னான், தோலு உரிச்சு, ஒரு மழைக்காலம் குளத்துல ஊறப்போட்டுத்தான் கிணத்துல இறக்கணும்னு. இவரு கேக்கல்ல. 'எனக்க அக்கா ஆசையா அனுப்பினது, அப்படியே போடு'ன்னு கிணத்து மேலயே நின்னாரு. இதுனாலதான் மாமா பட்டினி கிடக்காவன்னு தெரிஞ்சா அவரு தாங்குவாரா? நீங்கதான் தாங்குவியளா? அதுதான், கட்டை கிணத்துல கிடந்துட்டுப் போவட்டும், தொட்டிக்கு மட்டும் எதிர்வீட்டு வெள்ளம் சுமந்துரலாம்னு நெனச்சேன். டிரம்முல காத்து விட்டா இரும்பு துருவா அடியில போயிரும். மேல நிக்கிறத வடிகட்டி ஊத்தினா போரும்."

"எத்தற நாளு சுமப்ப?"

"கட்டையில துவர்ப்பு தீருத வரைக்கும்."

செல்லபாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டைக் கடந்து, பகவதியப்பன் வீட்டுப் படியிறங்கி, குடம் குடமாக இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மாதக்கணக்காக. எதற்காக? அக்காளும் தம்பியும் மறுபடி பேசாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. என்ன பெண் இவள்! தன்னால் இது முடியுமா? முடியாது. ஒரு மணிநேரம்கூட முடியாது. தெரிந்த நிமிஷத்தில் ஊரைக் கூட்டியிருப்பாள்.

"கொள்ளாமட்டி நீ" என்றாள். நல்ல ஆள் என்று அவள் வாயிலிருந்து ஒருத்தருக்கு வருகிற பாராட்டு அது. "சத்தியமாட்டு நீ ஆளு கொள்ளாம்."

அடுத்த நிமிஷம் போனை எடுத்தாள். திங்கள்சந்தை டயர்க் கடையில் இருந்த தம்பி எடுத்ததும், "ஏலே, நாளைக்குக் காலத்த அந்த இறைப்புக்காரன விளி. எனக்க நெல்லிக்கட்டைய வெளிய எடுக்கணும். தோலு உரிக்காத போட்டதுனாலதான் வெள்ளம் கறுக்குது" என்றாள். அந்தப்பக்கம் தம்பி என்னமோ முனகினான். "அக்கா அனுப்பினதுதாம்லே, ஆரு இல்லன்னு சொன்னா? அக்காதான் எடுக்கவும் சொல்லுதேன். குளத்துல கிடந்து ஊறட்டும், அடுத்த இறைப்புக்குப் போடலாம். ஒனக்க பெண்டாட்டி கண்டுபிடிச்சா. அவ மட்டும் இல்லன்னா நாம ரெண்டுபேரும் அப்பாவக் கொன்னிருப்போம். வை போனை."

பிறகு இரண்டுபேருமாக வேலையில் இறங்கினார்கள். தொட்டியிலிருந்த கறுப்பை இறைத்து ஊற்றினார்கள். மீன்கள் வாளியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. டிரம்மில் மேலாக நின்ற வெள்ளத்தைப் பிரிஜா ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, அதில் பால் விடாத கட்டன்சாயாவைக் கொஞ்சம் விட்டாள். செல்லபாய் டம்ளருக்குக் கிட்டே குனிந்தாள். சாயா சிவப்பாகவே நின்றது.

"சாயாவிலயும் துவர்ப்பு உண்டு மைனி. இரும்பு மிச்சம் இருந்தா இந்நேரம் கறுத்திருக்கும். கறுக்கல்ல. ஊத்தலாம்."

செல்லபாய் துணியை விரித்துப் பிடித்தாள், பிரிஜா ஊற்றினாள். குடத்துக்குக் குடம் தொட்டி நிறைந்தது. கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, மோட்டாரைப் போட்டதும் குமிழி கிளம்பிற்று. இரண்டுபேரும் கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோய் அதையே பார்த்தார்கள். கறுக்கவில்லை. பிரிஜா மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி உள்ளே விட்டாள். பெரியது ஒரு மூலையில் போய் அசையாமல் நின்றது.

அப்பாவைத் திருப்புவது லேசில்லை. ஒரு ஆள் தோளையும் ஒரு ஆள் இடுப்பையும் பிடித்துத் தொட்டிப் பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். அப்பா கண்ணை மூடியே கிடந்தார்.

"மாமா, கண்ணத் திறந்து பாருங்கோ" என்றாள் பிரிஜா.

திறக்கவில்லை. செல்லபாய் கையைக் கூப்பினாள். மாதாவே, இந்தப் பிள்ளை இத்தனை பாடுபட்டதற்காகவாவது திறக்கவையும் என்று வேண்டிக்கொண்டாள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் இமை அசைந்தது. ஒரு கண் திறந்தது, பிறகு மற்றதும் திறந்தது.

பெரிய மீன் மூலையைவிட்டுக் கிளம்பிற்று. நேராக வந்தது, கண்ணாடிக்கிட்டே வந்து திரும்பிற்று. போர்வைமேல் கிடந்த இடது கை பைய ஒடித்துத் திருப்பிற்று.

செல்லபாய் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கினாள். தூக்கினவள் ஒரு நிமிஷம் நின்று, அதைப் பிரிஜாவின் கையில் கொடுத்தாள். "நீயே குடு மக்கா. அவருக்கு ஒனக்க கைதான் பழக்கம்."

மீன் திரும்பிற்று. வாய் திறந்தது. கஞ்சி இறங்கிற்று. அடுத்த சுற்றுக்கும் திறந்தது. செல்லபாய் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கட்டில் காலைப் பிடித்து நின்றாள். கிண்ணம் பாதியானபோது அப்பா வாயை மூடிக்கொண்டார். இடது கையால் கரண்டியைத் தள்ளினார்.

"போருமா மாமா? இன்னும் ஒரு வாய்" என்று பிரிஜா மறுபடி நீட்டினாள். மறுபடியும் தள்ளினார். ஆனால் அது மத்தியானம் அவளிடம் தள்ளினதுபோல இல்லை. அந்தக் கை கரண்டியைப் பிடித்து, நடுங்கி நடுங்கி, கஞ்சி போர்வையில் சிந்தச் சிந்த, பிரிஜாவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோயிற்று.

அப்போதுதான் செல்லபாய்க்கு அடுக்களையில் மூடிக் கிடந்த சோறு உறைத்தது. காலையிலிருந்து இந்தப் பெண் பச்சைத் தண்ணீர் குடித்து யார் பார்த்தார்கள்? அவள் ஒன்றும் தின்னவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. கண் சுவரைப் பார்த்துக் கிடந்தாலும், குடத்தோடு போகிறதும் வருகிறதுமாக இருந்த காலடியை எல்லாம் காது கேட்டுக்கொண்டேதான் கிடந்திருக்கிறது.

பிரிஜா வாயைத் திறந்து அந்தக் கஞ்சியை வாங்கிக்கொண்டாள். அவ்வளவு ஏச்சுக்கும் கலங்காதவள், அப்படியே கட்டில் விளிம்பில் முகத்தை வைத்து ஏங்கி ஏங்கி அழுதாள். அப்பாவின் இடது கை அவள் தலைமேல் கிடந்தது.

"சோறு போட்டுட்டு வாறேன். எழும்பாத, இஞ்சயே இரி" என்று செல்லபாய் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். வாசலில் டிரைவர் அனீஷ் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இருட்டப் போவுது. மக வீட்டுக்குக் கொண்டு போணும்னு சொன்னியளே, அப்பாவ ஏத்திரலாமா?"

செல்லபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கலே ஏத்த? அவரு மகளுக்க வீட்டுலதான் இருக்காரு."